டவர் வேணும், தள்ளி வேணும்

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு காலும் இரும்பு ஏணியின் கடைசிப் படியில் ஒரு காலுமாக நின்று, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைக் காதோடு ஒட்டினால்தான் தங்கவேலுவுக்கு மகளின் குரல் முழுசாகக் கேட்கும். கொஞ்சம் பல்லடம் பக்கம் திரும்பினாலும் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். அருள்புரத்தில் மற்ற தெருக்களுக்கெல்லாம் இந்தத் தொல்லை இல்லை. சுற்றிலும் பனியன் கம்பெனிகள் மாடி மேல் மாடியாக எழும்பி சிக்னலைத் தின்றுவிட்டன என்பது இந்தத் தெருக்காரர்களின் கணிப்பு. பொழுது சாய்ந்தால் ஒவ்வொரு மொட்டைமாடியிலும் ஒரு தலை தெரியும். ஒன்று மதுரைத் தமிழில் அம்மாவிடம் பேசும், ஒன்று இந்தியில் மனைவியிடம் பேசும். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு மாமியாரோடு மனத்தாங்கல் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். தங்கவேலு தொட்டி மேல் ஏறியதால் மற்றவர்களைவிட இன்னும் நன்றாகவே தெரியும்படி பேசினார்.

அன்றைக்கு மகள் பிரியங்கா புகுந்த ஊரான குண்டடத்திலிருந்து பேசினாள். சாப்பிட்டாளா, கால் வீக்கம் வற்றியதா என்ற விசாரணையெல்லாம் முடிந்தபிறகு கொஞ்சம் தயங்கினாள். "அப்பா, பொன்னுச்சாமி மாமா ஊட்டு மாடியில டவர் வெக்கறாங்களாமா? எங்கத்தைக்குச் சேதி வந்துருச்சு. டவர் நின்னுதுன்னா கட்டுச்சோறு கொண்டாந்தாலும் என்னைய அனுப்பி உட மாட்டாங்களாம். பிரசவத்த இங்கயே பாத்துக்கலாம்னு சொல்றாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது, இவர் பல்லடம் பக்கம் திரும்பாமலேயே பாதியில் அறுந்துபோனது.

தங்கவேலு இறங்கவில்லை. நின்ற இடத்திலிருந்து பார்த்தாலே பக்கத்து மாடி தெரிந்தது. பொன்னுச்சாமி இடுப்பில் கை வைத்து நிற்க, டவர்க்காரர்கள் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் சதுரம் சதுரமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மாடிக்கும் இந்த மாடிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்றால், தங்கவேலுவின் மனைவி சுப்புலட்சுமியும் பொன்னுச்சாமியின் மனைவியும் கைப்பிடிச் சுவரில் நின்றபடி சட்னிக் கிண்ணத்தைக் கை மாற்றிக்கொள்வார்கள், ஒருத்தியும் எக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்கு நேர் எதிரேதான் இவருடைய மாடி அறையின் ஜன்னல். அந்த அறையை மகளின் தலைப்பிரசவத்துக்காகவே கட்டினார். பூச்சு காய்வதற்குள் உத்தரத்தில் தொட்டில் கொக்கி மாட்டியாகிவிட்டது. கொக்கி தாங்குமா என்று தானே தொங்கிப் பார்த்து, சுப்புலட்சுமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நடந்தது.

கட்டுச்சோறு என்பது சின்ன விஷயமில்லை. ஒன்பதாம் மாதத்தில் நல்ல நாள் பார்த்து, புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு என்று வகை வகையாகக் கிண்டி, ஒரு வண்டி நிறையச் சொந்தத்தை ஏற்றிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மகளைக் கையோடு கூட்டி வர வேண்டும். வெறும் பாத்திரத்தோடு திரும்பினாலும் மகள் உடன் வருவாள், அதுதான் விஷயமே. வெறும் பாத்திரத்தோடு மட்டும் திரும்பினால் அந்த வண்டியில் என்ன பேசிக்கொண்டு வருவார்கள் என்று தங்கவேலுவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சம்பந்தியம்மா வேலாத்தாளிடம் அவரே பேசிப் பார்த்தார். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டாயிற்று, டவர் கதிரால் பிள்ளைக்கு ஏதும் வருமென்று பயப்பட வேண்டியதில்லை என்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னார். வேலாத்தாள் மரியாதையில் ஒரு குறையும் வைக்காதவர். "அந்தம்மா சொல்றது நெசமாவே இருக்கட்டுங்க சம்மந்தி. பயமில்லீன்னா அவுங்க மாடியில வெச்சுக்கச் சொல்லுங்க" என்று முடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்து அந்த ஜன்னலைப் பார்த்தபோது தங்கவேலுவும் அதை இழுத்துச் சாத்தத்தான் செய்தார்.

பொன்னுச்சாமியோடு பேச்சு நின்றுபோனது. இருவரும் ஒரே கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பக்கத்துப் பக்கத்தில் இடம் வாங்கி வீடு கட்டியவர்கள். மாடியை வாடகைக்கு விடுவதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இவருக்குக் கோபம். என் மாடி, இதற்கு எதற்கு ஊரைக் கூட்டுகிறாய் என்று அவருக்குக் கோபம். எதிரெதிரே வந்தால் இருவரும் கரண்டுக் கம்பியில் காக்கா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனார்கள். மனைவிமார் இருவரும் இதைக் கண்டுகொள்ளவே இல்லை, சட்னி வழக்கம்போல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

ஊரைக் கூட்டியது உண்மையில் தங்கவேலு அல்ல, சித்ராதேவி. மூன்றாவது வீடு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தையலில் நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால்கூடப் பீஸைத் திருப்பி அனுப்பும் கண். அந்தக் கண்ணுக்குத் தெரு முழுக்கப் பயப்படும். கம்பெனி விட்டு வந்த பெண்களைப் பிள்ளையார் கோயில் முன்னால் உட்கார வைத்து, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வைத்தாள். அங்கே வாசலில் மனு எழுதித் தருபவர் இவர்கள் சொன்னதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்தபடி, டவர் அமைக்கக் கூடாது என்று ஒரே போடாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். மனுவுக்கு உயிர் இருந்தது போலும். தாசில்தார் நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார் என்று தகவல் வந்தது.

அன்றைக்கு மாலைக் கூட்டத்தில்தான் உண்மையான பிரச்சினை வெளியே வந்தது. நமக்கு டவரே வேண்டாமா என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் கையிலிருந்த போனைப் பார்த்தார்கள். ஏனென்றால் கூட்டத்துக்கு வரச் சொல்லி சித்ராதேவி அனுப்பிய செய்தியே பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை, வீடு வீடாகக் கதவைத் தட்டித்தான் கூட்டி வந்திருந்தாள். தினமும் மாடி ஏறி இறங்கி முட்டி தேய்ந்தவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். தங்கவேலு தொண்டையைச் செருமிக்கொண்டு, டவர் வேணும், தள்ளி வேணும், அவ்வளவுதானுங்க நம்மு பேச்சு என்றார். சொன்னபிறகு அவருக்கே அது நன்றாக இருந்தது போலத் தெரிந்தது. சித்ராதேவி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

இந்த ஊரில் கல்யாணம், கிரிக்கெட், கோயில் திருவிழா, எதுவானாலும் முதலில் பனியன் அடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. போராட்டம் மட்டும் விதிவிலக்கா என்ன. சித்ராதேவி கம்பெனியில் கேட்டு, ஏதோ ஓர் ஆர்டரில் தள்ளுபடியான மஞ்சள் பனியன்களை ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டாள். அச்சடிப்பது தங்கவேலு பொறுப்பு. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அவருக்குத்தான் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகப் பிரிண்டிங் பட்டறை இருக்கிறதே.

அந்தப் பட்டறையில் நடப்பது ஸ்டிக்கர் பிரிண்ட். துணியில் நேராக அடிப்பதில்லை. ஒரு தாளில் மையால் அடித்து, காயவைத்து, அந்தத் தாளைப் பனியன் மேல் கவிழ்த்துச் சூடான மெஷினில் அழுத்தினால் படம் துணிக்கு ஏறிவிடும். கவிழ்க்கும்போது இடம் வலம் மாறுமல்லவா, அதனால் தாளில் எல்லாமே திரும்பித்தான் இருக்க வேண்டும். படமும் பேரும் நம்பரும் திரும்பியபடியே சுவரோரமாகக் கொடியில் காயும். பட்டறையில் மாட்டியிருக்கும் முருகன் படத்து வேல் ஒன்றுதான் எப்படிப் பார்த்தாலும் நேராக இருக்கும். வருஷக்கணக்காக இதே வேலை. "உங்க கண்ணே அப்படித் திரும்பிப் போச்சுங்க. கல்யாணப் பத்திரிகைய நேரா குடுத்தாத்தான் முழிக்கறீங்க" என்று சுப்புலட்சுமி கேலி செய்வாள். அதில் பாதி கேலி, பாதி நிஜம்.

இந்தப் பனியன்களை ஸ்டிக்கரில் அடிக்க நேரமில்லை. தாசில்தார் மறுநாள் காலையே வருகிறார் என்று திடீரென்று சொல்லிவிட்டார்கள். மெஷினில் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தால் முடியாது, நேராகத் துணியிலேயே அடித்துவிடலாம் என்று தங்கவேலு முடிவு செய்தார். எழுத்தை ஃபிலிமில் எடுத்து, அச்சு வலைச்சட்டமான ஸ்கிரீன் போட்டார். கை தன் வழக்கப்படி ஃபிலிமைக் கவிழ்த்து வைத்தது. கைக்கு என்ன தெரியும், இத்தனை வருஷம் அதைத்தானே செய்தது. முதல் பீஸை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். டவர் வேணும், தள்ளி வேணும். பளிச்சென்று படித்தார். துணி நல்ல கனமான இன்டர்லாக், மை சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை, தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார். மகள் வந்து மாடி அறையில் படுத்திருக்கும் நினைப்போடு அடிக்கையில் மை இழுக்கும் ஸ்குவீஜி தானாகவே ஓடியது. சுப்புலட்சுமி கம்பெனியில் ஓவர்டைமில் மாட்டிக்கொண்டதால் அடித்தது, காயவைத்தது எல்லாம் அவர் ஒருத்தரே. மை ஒட்டிக்கொள்ளாமலிருக்க அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து அடுக்கியதும் அவர்தான்.

காலையில் ஜீப் தெருமுனையில் திரும்புகிறது என்று குரல் வந்தபோதுதான் பனியன்கள் கைக்குக் கை பறந்தன. புடவைக்கு மேலே, சுடிதாருக்கு மேலே, சட்டைக்கு மேலே என்று ஆளாளுக்கு மாட்டிக்கொண்டார்கள். தெருக்கோடி மாடியில் வாடகைக்குக் குடியிருந்த ஒடிசாக்காரப் பையன்கள்கூட வாங்கி மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள், அவர்களுக்கும்தான் ஊருக்குப் பேச வேண்டியிருக்கிறது. தெருவே மஞ்சளாகிவிட்டது. தங்கவேலு ஒரு ஓரமாக நின்று கண்ணாரப் பார்த்தார். பொன்னுச்சாமி மனைவியும் மஞ்சளில் நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு குறும்புச் சந்தோஷம் வந்தது.

சித்ராதேவி எதிரில் நின்றவளின் நெஞ்சைப் பார்த்தாள். அடுத்தவளைப் பார்த்தாள். செக்கிங் டேபிளில் பழுதான பீஸைப் பிடித்த முகம் வந்தது. "தங்கவேலண்ணா, இதென்னங்கண்ணா எழுத்து?" என்றாள். தங்கவேலு உற்றுப் பார்த்தார், நிதானமாகப் படித்தார், நல்லாத்தானே இருக்குது என்றார். அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் சுப்புலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வதைக் கவனித்தார். பக்கத்தில் ஒருத்தி குனிந்து, தன் பனியனில் இடம் வலம் மாறி நின்ற எழுத்தைத் தலைகீழாகப் படிக்க முயன்று கழுத்தைச் சுளுக்கிக்கொண்டாள். உள்பக்கம் வெளியே வருகிறபடி திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று யாரோ யோசனை சொல்ல, ஒருத்தி திருப்பியும் பார்த்தாள். வெறும் மஞ்சள். சொட்டுகூட உள்ளே இறங்காத மை அல்லவா. அடக்கிப் பார்த்துத் தோற்ற ஒரு சிரிப்பு வரிசையின் ஒரு முனையில் கிளம்பி மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜீப் வந்து நின்றது.

தங்கவேலுவுக்குச் சிரிப்பு வரவில்லை. காது சுட்டது. கெடுத்துவிட்டோமே, ஒரு தெருவே நம்பி ஒப்படைத்த வேலையைக் கோமாளித்தனமாக்கிவிட்டோமே என்று நின்றார். தொட்டில் கொக்கி ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது. தாசில்தார் இளவயது அம்மா, கண்ணாடி போட்டவர். இறங்கியதும் வரிசையைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார், புருவத்தைச் சுருக்கினார். ஒடிசாப் பையன்களையும் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, இது எந்த பாஷைங்க என்று கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் சிரிப்புதான் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பொன்னுச்சாமி மாடிக்குக் கூட்டிப் போனார். டவர்க்காரர் தன் கையிலிருந்த படங்களை விரித்துக் காட்டினார். தாசில்தாரம்மா சுண்ணாம்புச் சதுரத்தையும் எதிர் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். மனுவில் டவரே கூடாது என்றிருக்கிறது, டவர் இல்லாமல் எப்படிங்க முடியும் என்றார். அவருடைய போனும் இறங்கியதிலிருந்து சும்மாதான் கிடந்தது. சித்ராதேவி விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்கவும் அவளுக்கும் தொற்றிக்கொண்டது, இருமலாக மாற்றிப் பார்த்தாள், முடியவில்லை. கம்பெனியே நடுங்கும் சித்ராதேவி கண்ணில் தண்ணீரோடு திரும்பி நின்றுகொண்டாள். தாசில்தாரம்மா கொஞ்சம் முகம் சுளித்த மாதிரி இருந்தது. இரண்டு தரப்பையும் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவ்வளவுதான், முடிந்தது.

தெரு குறுகல். மறுமுனையில் துணி ஏற்றிய வேன் ஒன்று குறுக்கே நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. அதனால் ஜீப் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. வழியனுப்புவதா மறிப்பதா என்று தெரியாமல் மஞ்சள் கூட்டமும் பின்னாலேயே நடந்தது. தங்கவேலு முன்வரிசையில் இருந்தார். அவர் வேறு எதையும் பார்க்கவில்லை, ஜீப்பின் பக்கவாட்டுக் கண்ணாடியில் டிரைவரின் கண் தெரிந்ததை மட்டும் பார்த்தார். அந்தக் கண் முதலில் சுருங்கியது. அப்புறம் விரிந்தது. பின்விளக்கு சிவப்பாக எரிந்து, வேன் விலகி வழிவிட்ட பிறகும் ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. தாசில்தாரம்மா டிரைவர் பக்கம் சாய்ந்து, அந்தக் கண்ணாடியில் நேராகத் திரும்பியிருந்த எழுத்தை எட்டிப் படிப்பது தெரிந்தது. சாய்ந்த தோள் குலுங்கியது. ஜீப்புக்குள்ளிருந்து அந்தம்மாவின் சிரிப்பு வெளியே கேட்டதும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தெரு மொத்தமும் கட்டவிழ்ந்து சிரித்தது. ஒடிசாப் பையன்களும் சிரித்தார்கள், அவர்களுக்கு என்ன புரிந்ததோ.

இறங்கி வந்தவர் சிரிப்பைத் துடைத்துக்கொண்டே, யார் இதை அடித்தது என்று கேட்டார். எல்லாக் கையும் தங்கவேலுவைக் காட்டியது. அவர் தலையைச் சொறிந்தபடி, ஸ்டிக்கர் அடிச்சுப் பழகுன கைங்க என்றார். தாசில்தாரம்மா தலையாட்டினார். "டவர் வேணும்னே யாரும் சொல்லலீங்களே. மனுவுல வேண்டாம்னுதான இருக்கு. சரி, தள்ளின்னா எங்க தள்ளி?"

தள்ளி என்றால் தள்ளி, அவ்வளவுதான் தெருவில் யோசித்திருந்தார்கள். பதில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. பொன்னுச்சாமி தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "என்ற தோட்டத்துல கெணத்துமேடு சும்மாதானுங்க கெடக்குது. பக்கத்துல ஊடு வாசல் ஒன்னுங் கெடையாது. அங்க கரண்டு வராதுன்னாங்க, அதனாலதானுங்க மாடியக் குடுத்தேன்." தாசில்தாரம்மா திரும்பி டவர்க்காரரைப் பார்த்தார். கிணற்று மோட்டார் எதில் ஓடுகிறது என்று பொன்னுச்சாமியைக் கேட்டார். கரண்டில்தான் என்றார் பொன்னுச்சாமி. டவர்க்காரர் படத்தைச் சுருட்டிக்கொண்டு, செலவு கொஞ்சம் கூடுமுங்க, அளந்து பார்க்கலாம் மேடம் என்றார். அளந்து பார்த்துவிட்டு வாருங்கள், அதுவரை மாடியில் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லி, தாசில்தாரம்மா ஜீப்பில் ஏறினார். ஏறும்போது மறக்காமல் கண்ணாடியில் இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார்.

ஜீப் போனபிறகு பொன்னுச்சாமி நேராகத் தங்கவேலுவிடம் வந்தார். அவர் கரண்டுக் கம்பியைப் பார்க்கவில்லை. "ஏனப்பா, தெருவுக்கொரு கண்ணாடி மாட்டி உட்டிருந்தீன்னா கூட்டமே போட்டிருக்க வேண்டியதில்லையல்லோ" என்றார். தங்கவேலு கையில் மிச்சமிருந்த ஒரு மஞ்சள் பனியனை அவர் தலை வழியாக மாட்டிவிட்டார். அளவு பத்தாமல் அது தொந்தியில் வந்து நின்றுகொண்டது.

கட்டுச்சோறு நாளில் வண்டி குண்டடத்துக்குக் கிளம்பியபோது பொன்னுச்சாமியும் மனைவியும் முன்சீட்டில் இருந்தார்கள். புளிச்சோற்று அண்டாவைப் பிடித்துக்கொள்ளும் வேலை தங்கவேலுவுக்கு. கிணற்றுமேட்டில் டவர்க்காரர்கள் டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள், முடிவு இன்னும் சொல்லவில்லை. அதைத்தான் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை அருள்குமார் வாசலுக்கு ஓடிவந்து அண்டாவை வாங்கினான். வேலாத்தாள் வாங்க வாங்க என்று கையெடுத்துக் கும்பிட்டார். பரிமாறினார்கள், சாப்பிட்டார்கள், இலை எடுத்தார்கள். டவரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பிரியங்காவின் பெட்டி கட்டியிருக்கிறதா இல்லையா என்று சுப்புலட்சுமி கண்ணால் தேடுவதைப் பார்த்துத் தங்கவேலுவும் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார்.

நடந்த கதையைப் பொன்னுச்சாமிதான் எடுத்துவிட்டார், கை கால் ஆட்டிச் சொன்னார். பிரியங்கா கேட்டுக்கொண்டே இருந்தவள் அம்மாவின் பையிலிருந்து ஒரு மஞ்சள் பனியனை உருவி, புடவைக்கு மேலே மெல்ல இறக்கிப் போட்டுக்கொண்டாள். வயிற்றில் துணி இழுபட்டு எழுத்துகள் அகன்று நின்றன. பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்று, அத்தை, இங்க வந்து பாருங்க என்று கூப்பிட்டாள்.

வேலாத்தாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். கண்ணாடியில் தெரிந்ததை விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். டவர். வேணும். தள்ளி. அங்கே நிறுத்தி, மருமகளின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியிலேயே, பின்னால் வாசற்படியில் வெறும் அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கவேலுவைப் பார்த்தார்.

"ஏனுங்க சம்மந்தி, புள்ளைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனதும் எனக்கும் ஒன்னு அடிச்சுக் குடுங்க. நேரா அடிச்சுப் போடாதீங்க."

தங்கவேலு ஆகட்டுங்க என்று சொன்னாரா, சொல்ல நினைத்தாரா என்பது அவருக்கே தெரியவில்லை. கண்ணாடிக்குள் மஞ்சள் துணி லேசாக அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு குட்டிக் குதிகால் அழுத்த, எழுத்தொன்று புடைத்து, அந்தப் புடைப்பு பக்கத்து எழுத்துக்கு நகர்ந்து, மெல்ல அடங்கியது. வேலாத்தாளின் ஈரம் காயாத உள்ளங்கை அதன் மேல் வந்து படிந்தது.